மூட்டையின்மேல் தமிழ் இல்லை. கையின்மேல் தோல் இல்லை



இத்திங்கள் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணம் அன்று, சொல்லாய்வும் அன்று. ஒரு தாயின் இரண்டு கைகள்.

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்தபின், மதிப்பெண் பட்டியலிற் கையொப்பமிடுவதற்காக எட்டாம் வகுப்புப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். மாணவி ஒருத்தியின் தாய் வந்தார். பதினோராண்டுகளாகக் கட்டட வேலையிற் சித்தாளாக இருப்பவர். தூவலை நீட்டினேன். அவர் முன்றானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவில்லை. “புள்ளையையே போடச் சொல்லுங்க ஐயா, எனக்கு வெரலு மடங்காது” என்றார். மீண்டும் மீண்டும் கேட்ட பின்னரே காட்டினார். உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரலிடுக்குகளில் நீர் கசிந்தது. புறங்கைத் தோல் தடித்துக் கறுத்துச் செதில் செதிலாக இருந்தது. பெருவிரலின் வரிகள் தேய்ந்து மறைந்தமையால் பங்கீட்டுக் கடைப் பொறி தம் விரலை ஏற்பதில்லை என்றும், திங்கள்தோறும் மகளை உடனழைத்துச் சென்றே அரிசி வாங்குவதாகவும் சொன்னார்.

“என்னம்மா இது?” என்றேன்.

“சிமிட்டி தின்னுட்டுதுங்க ஐயா. களிம்பு போட்டா ஆறும். மறுபடி வரும்.”

மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். ஞெகிழிப் பையிலிருந்து, மடித்து மடித்துக் கிழிந்த சீட்டொன்றை எடுத்து நீட்டினார். ஈராண்டுக்கு முன் ஒரு மருத்துவமனையிற் கொடுத்தது. நோயின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதன்கீழே, இவருக்குச் சிமிட்டி ஒவ்வாது. ஈரச் சிமிட்டி கையிற் படவே கூடாது. கையுறை அணிய வேண்டும் என்று எழுதியிருந்தது. அதுவும் ஆங்கிலத்தில்!

சிமிட்டி அரிக்கும் என்பது அத்தாய்க்குத் தெரியும். ஆனால் தமக்கு வந்திருப்பது நாலு நாளில் ஆறும் அரிப்பன்று, உடலிற் பதிந்துவிட்ட ஒவ்வாமை என்பது தெரியாது. தொட்டுக்கொண்டே இருக்கும்வரை எந்தக் களிம்பும் ஆற்றாது என்பதும் தெரியாது. ஈராண்டுகளாகத் தம் நோயின் கரணியத்தையும் அதற்குரிய காப்பையும் ஒருசேரத் தம் பையிலேயே சுமந்துகொண்டு, நாள்தோறும் கலவைச் சட்டியிற் கைவிட்டு வந்திருக்கிறார்! எழுதியவர் எழுதிவிட்டார். எழுதிய மொழி அவருடையதன்று. அவ்வளவுதான்.

தமிழரே, இஃது ஒரு மருத்துவரின் பிழையென்றோ ஒரு பெண்ணின் அறியாமையென்றோ எண்ணிக் கடந்து விடாதீர்கள். இது முறைப்படி நடத்தப்படும் ஒரு கொடுமை. எங்ஙனம் என்று காட்டுகிறேன்.

முதலில் நோயை அறிவோம். ஈரமான சிமிட்டி கடுங்காரத் தன்மையது. காடித்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பதினான்கு படி அளவுகோலில் அது 12க்கும் 13க்கும் இடையில் நிற்கும். தோலின் மேற்படையைக் கரைக்க அதுவே போதும். தளம் போடும் நாளில் ஈரக் கலவையில் முழந்தாளிட்டு வேலை செய்தவர்க்கு மாலையில் முழங்காலில் தீப்புண் போன்ற புண் உண்டாவது இக்காரத்தால்தான்.

அதனினும் கொடியது ஒன்று அம்மாவுக்குள் மறைந்திருக்கிறது. அதுதான் குரோமியம் என்னும் மாழை. சுண்ணாம்புக் கல்லிலும் களிமண்ணிலும் அது சிறிதளவு இயல்பாகவே உண்டு. 1,450 பாகை வெப்பத்தில் அவை சூளையில் வேகும்போது, கேடு குறைந்த மூன்று இணைதிறக் குரோமியத்தில் ஒரு பகுதி, நச்சுத்தன்மை மிக்க ஆறு இணைதிறக் குரோமியமாக மாறிவிடுகிறது. அது நீரிற் கரையும். கரைந்து, காரத்தால் முன்பே பிளந்துள்ள தோலின் வழியே உள்ளே இறங்கும். உள்ளே சென்று உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனைக் கண்ட நம் உடற்காப்பு அணுக்கள் பகைவன் புகுந்தான் என்று போர்தொடுக்கும். அப்போரே அரிப்பு, கொப்புளம், நீர்க்கசிவு, வெடிப்பு எல்லாம். நம் முன்னோர் கரப்பான் என்று வகுத்த நோயினத்தைச் சேர்ந்தது இது.

ஒருமுறை உடல் அப்பகையைப் பதிவுசெய்து கொண்டால் எளிதில் மறப்பதில்லை. பலருக்கு வாழ்நாள் முழுதும் அது நீடிக்கிறது. பின்னர் எள்ளளவு பட்டாலும் போதும், கரப்பான் கிளம்பிவிடும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோற்செருப்பை அணிந்தாலும் காலில் வெடிக்கும். பட்டவுடனே வராமல் ஒரு நாளோ இரு நாளோ கழித்து வருவதால், எதனால் வந்தது என்பதும் தெரியாமற் போய்விடுகிறது. சூடு என்பர், கத்தரிக்காய் தின்றதால் என்பர், செய்வினை என்பாரும் உளர். இது தொற்றுநோய் அன்று. ஆயினும் சொறி பிடித்தவள் என்று சொல்லி ஒரே குடத்தில் நீர் மொள்ள விடாத கொடுமையையும் காண்கிறோம். மருந்துக் கடையிற் கேட்டு வாங்கும் களிம்புகளில் பல நோயைச் சில நாள் அமுக்கி வைக்கும். நெடுநாள் தடவினால் தோலையே மெலிவிக்கும்.

இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்தவை அல்ல. சிமிட்டிக் கரப்பானுக்கு அதிலுள்ள குரோமியமே கரணியம் என்பதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் செகர், பெலோனி என்னும் இருவர் 1950ஆம் ஆண்டிலேயே ஒட்டாய்வு செய்து காட்டினர். குரோமிய உப்பைச் சிறிது களிம்பிற் கலந்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துத் தோலைப் பார்க்கும் ஆய்வு அது. இன்றும் தோல் மருத்துவர் செய்வது அதே ஆய்வுதான்.

தீர்வும் கண்டாயிற்று. வட ஐரோப்பாவின் சிறு நாடாகிய தென்மார்க்கு, 1981 முதல் தன் சிமிட்டியில் ஒரு பொருளைக் கலக்கத் தொடங்கியது. 1983இல் அதனைச் சட்டமாகவே ஆக்கியது. பின்லாந்தும் சுவீடனும் அதே பத்தாண்டுக்குள் பின்தொடர்ந்தன. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் ஆணை பிறந்தது. 2005ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கிலோ சிமிட்டியில் கரையத்தக்க ஆறு இணைதிறக் குரோமியம் 2 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அதன் வரம்பு. கணக்கிட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோ மூட்டை முழுமைக்கும் 100 மில்லிகிராம். ஒரு கிராமிற் பத்தில் ஒரு பங்கு!

கலந்த அப்பொருள் யாது? பெர்ரசு சல்பேட்டு என்று பள்ளி நூல்களிற் காணும் பச்சை உப்பு. நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதேதான்! பெயர் வடசொல்லாயினும் சரக்கு நம் சித்த மருத்துவர் செந்தூரம் செய்து பழகிய சரக்கு. வண்ணப் பூச்சுக்கான வெண்ணிறமியைச் செய்யும் தொழிலிற் கழிபொருளாகவே அது கிடைக்கிறது. நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவாகக் கலந்தாற்கூடப் பெரும்பாலும் போதும்; ஆறு இணைதிற நஞ்சு மூன்று இணைதிறமாகித் தோலினுட் புகும் வலிமையை இழந்துவிடும். தென்மார்க்கில் சிமிட்டித் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை கண்கூடாகக் குறைந்தது.

இங்கே என்ன நிலை? உலகில் சிமிட்டி செய்வதில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம் என்று மார்தட்டுகிறோம். அரியலூரின் சுண்ணாம்புக் கல் நம் மண்ணின் கல். அதனை வெட்டும் கை தமிழன் கை. கலவை சுமக்கும் கை தமிழச்சி கை. அந்தக் கைக்கு என்ன காப்பு? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. ஆனால் தெருவோரத்தில் எழும்பும் வீடு தொழிற்சாலை ஆகுமா? அங்கே வேலை செய்யும் சித்தாளின் புண்ணை யார் அறிவித்தார்? எவர்க்கு அறிவித்தார்?

இனி மூட்டைக்கு வருவோம். அத்தாயைக் கண்ட நாள்முதல், கட்டடம் நடக்கும் இடங்களில் எல்லாம் நின்று மூட்டைகளைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. 43 என்றும் 53 என்றும் வலிமையைக் குறிக்கும் எண் இருக்கிறது. எடை இருக்கிறது. விலை இருக்கிறது. செய்த கிழமை இருக்கிறது. யானையும் கோட்டையும் படமாக இருக்கின்றன. “இது தோலை அரிக்கும், கையுறை அணிக, பட்டால் உடனே கழுவுக” என்று தமிழில் ஒரு வரி? நான் பார்த்த மூட்டை ஒன்றிலும் இல்லை.

ஏன் இல்லை? நடுவணரசு 2011இல் வகுத்த பொதிபொருள் விதிகளைப் படியுங்கள். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட பொதிகளுக்கு விலக்களித்த அவ்விதிகள், ஐம்பது கிலோ வரையுள்ள சிமிட்டி மூட்டைக்கு அவ்விலக்கு இல்லை என்று தனியே எடுத்துச் சொல்கின்றன. நன்று! அம்மூட்டையின்மேல் கட்டாயம் அச்சிட வேண்டிய செய்திகள் எம்மொழியில் இருக்க வேண்டுமாம்? தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அல்லது ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. பிற மொழியிலும் கூடுதலாக அச்சிட்டுக் கொள்ளலாம், தடையில்லையாம். தமிழ்நாட்டின் கல்லை எடுத்து, தமிழ்நாட்டில் வேகவைத்து, தமிழ்நாட்டிலேயே விற்கும் மூட்டையின்மேல் இந்தி உரிமையோடு ஏறி அமரலாம், ஆங்கிலம் அமரலாம், தமிழ் மட்டும் “தடையில்லை” என்னும் இரக்கத்தின் பேரில் ஓரத்தில் ஒண்டிக் கொள்ளலாம். விலையை அறிவிக்கும் மொழியிலேயே நமக்கு உரிமையில்லை என்றால், நஞ்சை அறிவிக்கும் மொழியில் எவன் உரிமை தருவான்?

நடைமுறையில் இயலாது என்று சொல்வார்கள். பொய்! பூச்சிக்கொல்லிக்கென 1971இல் வகுத்த விதிகள், விற்கும் பகுதியில் வழங்கும் மொழியிலும் பொதியின்மேல் அச்சிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. உழவர் கடைக்குச் சென்று பாருங்கள்; சிறு புட்டிக்கும் தமிழில் தாள் உண்டு. முடிச்சாயத்தின் உறைமேல், இது தோலில் எரிச்சல் உண்டாக்கக்கூடும், முதலிற் சிறிது தடவிப் பார்த்தே பயன்படுத்த வேண்டும் என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று ஒப்பனைப் பொருள் விதி சொன்னது. சிறு புட்டியிலும் சின்னஞ்சிறு உறையிலும் இடங்கண்ட தமிழுக்கு, அவ்வளவு பெரிய மூட்டையின் முதுகில் இடமில்லையா? இடம் இருக்கிறது. மனம் இல்லை.

ஒவ்வாமைச் சட்டம் போடுவது எளிதன்று என்பார்க்கு இன்னொன்று சொல்வேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் குரோமிய உப்பினால் தோல் பதனிடுகிறார்கள். அக்கழிவு பாலாற்றுப் பகுதியின் நீரையும் நிலத்தையும் கெடுத்த கதை, 1996ஆம் ஆண்டு ஆகத்து 28இல் உச்சநயமன்றம் தந்த தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. அங்கிருந்து ஏற்றுமதியாகும் செருப்பும் பையும் ஐரோப்பாவில் இறங்க வேண்டுமானால், உடலிற் படும் தோற்பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறு இணைதிறக் குரோமியம் இருக்கக்கூடாது. 2015ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து அங்கே அதுதான் சட்டம். ஏற்றுமதியாளர் அளந்து பார்த்தே அனுப்புகிறார்கள். அவர்களால் இயல்கிறது. ஐரோப்பியன் காலிற் கரப்பான் வாராமற் காக்க ஆம்பூரில் அளவுகோல் உண்டு. ஆம்பூர்ச் சித்தாளின் கையிற் கரப்பான் வாராமற் காக்க அளவுகோல் எங்கே?

“சித்தாளுக்கு எழுத்தே தெரியாது, தமிழில் அச்சிட்டு என்ன பயன்?” என்று ஒரு கூட்டம் கேட்கும். அத்தாய்க்கு ஐந்தாம் வகுப்புவரை படிப்பு உண்டு. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். படிக்கத் தெரியாதவர்க்கும் படித்துக் காட்ட வீட்டில் ஒரு பிள்ளை உண்டு. வேலையிடத்தில் ஒரு தோழர் உண்டு. தமிழிற் சொல் இல்லை என்று மற்றொரு கூட்டம் சொல்லும். அரிப்பு, கொப்புளம், வெடிப்பு, கரப்பான், காரம், கையுறை, ஒவ்வாமை! இவற்றில் எச்சொல் இல்லை? எச்சொல் ஒரு சித்தாளுக்கு விளங்காது?

இன்று பீகாரிலிருந்தும் ஒடியாவிலிருந்தும் வந்து இங்கே கலவை சுமப்போரும் பலர். அவர்கள் தோலும் தோலே. அவர்கள் மொழியிலும் எச்சரிக்கை இருக்கட்டும், படமும் சேரட்டும். எந்த உழைப்பாளியின் மொழியையும் நாம் பகைப்பவர் அல்லர். ஆள்வோன் மொழி ஒன்றிருந்தாற் போதும், உழைப்போன் மொழி வேண்டா என்னும் ஆணவத்தையே பகைக்கிறோம்.

இனி நம்மவர் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். சிமிட்டி என்பதா, பைஞ்சுதை என்பதா என்று நாம் எத்துணை மேடைகளிற் பேசியிருக்கிறோம்! பைஞ்சுதை நல்ல சொல். எனக்கும் அதுவே விருப்பம். ஆயினும் இக்கட்டுரை முழுதும் சித்தாள் வாயில் வழங்கும் சொல்லையே எழுதினேன். ஏன் தெரியுமா? நாம் படைத்த சொல் இதுவரை ஒரு மூட்டையின் மேலும் ஏறவில்லை. ஒரு கையையும் காக்கவில்லை. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. கடைப் பலகையிற் தமிழ் கேட்டோம்; கோயிலிற் தமிழ் கேட்டோம்; நயமன்றத்திற் தமிழ் கேட்டோம். அனைத்தும் சரியே. மருத்துவச் சீட்டிற் தமிழ் கேட்டோமா? நஞ்சுப் பொதியிற் தமிழ் கேட்டோமா? நான் முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவியின் தாய் தம் நோயை அறிவதற்கு ஈராண்டு ஆனதில் எனக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

ஆகவே கேட்போம். உரக்கக் கேட்போம்.

ஒன்று: கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்னும் வரம்பு இங்கு விற்கும் சிமிட்டி அனைத்துக்கும் சட்டமாக வேண்டும். பச்சை உப்பின் ஆற்றல் நாட்பட்டாற் குறையும். ஆகவே எந்நாள்வரை அது காக்கும் என்பதும் மூட்டையில் இருக்க வேண்டும்.

இரண்டு: தமிழ்நாட்டில் விற்கும் மூட்டையில் விலையும் எச்சரிக்கையும் தமிழில் இருப்பது கட்டாயமாக வேண்டும். ஒன்பதாம் விதி திருத்தப்பட வேண்டும்.

மூன்று: குரோமியம் குறைந்தாலும் காரம் குறையாது. எனவே கையுறை, முழங்கால் வரை உயர்ந்த காலணி, கழுவ நல்ல நீர், வழலை ஆகியவற்றை ஒப்பந்தக்காரரே வேலையிடத்தில் தர வேண்டும். கையுறை சித்தாளின் கூலியிற் கழிக்கும் பொருளன்று.

நான்கு: 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், தன்னிடம் பதிந்த தொழிலாளர்க்கு ஒட்டாய்வும் மருத்துவமும் செய்து, ஒவ்வாமை உறுதியானோர்க்கு இழப்பீடும் மாற்றுவேலையும் தர வேண்டும்.

ஐந்து: மருத்துவமனைச் சீட்டில், நோயாளி செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் தமிழில் எழுதப்பட வேண்டும். மருந்தின் பெயரை எம்மொழியிலேனும் எழுதுக. அறிவுரையை எம் மொழியில் எழுதுக!

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டா. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் தெருவிற் கட்டடம் நடக்கும் இடத்திற்கு இவ்வாரமே செல்லுங்கள். ஈரக் கலவை தோலிற் பட்டால் உடனே நல்ல நீரிற் கழுவச் சொல்லுங்கள். நனைந்த துணியை உடனே மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்து கழுவிய கைக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுங்கள். ஆறாத வெடிப்புள்ளோரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் தரும் சீட்டைத் தமிழிற் படித்துக் காட்டுங்கள். இதுவும் தமிழ்த் தொண்டே. ஒரு வெண்பாவினும் குறைந்த தொண்டன்று.

அத்தாய் இப்போது கலவை சுமப்பதை விட்டுச் செங்கல் சுமக்கிறார். கையுறை அணிகிறார். வெடிப்புகள் குறைந்துள்ளன, முற்றும் ஆறவில்லை. பங்கீட்டுக் கடைப் பொறி இன்னும் அவர் விரலை ஏற்கவில்லை. சென்ற திங்கள் பள்ளிக்கு வந்தபோது தூவலை வாங்கினார். நடுங்கும் விரல்களால் தம் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டார். எழுதி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே பார்த்தேன்.

தமிழனே! உன் தாய்மொழியைக் காப்பது உன் தாயின் தோலைக் காப்பது. மூட்டையின்மேல் தமிழ் ஏறும்வரை உன் தாயின் கை வெடித்துக்கொண்டேதான் இருக்கும். எழு! மூட்டையைப் புரட்டிப் பார்! கேள்!